சின்னம் சூட்டிய அன்று நான் நின்ற இடம்

அன்புள்ள மகன் மோகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே உங்கம்மாவுக்கு முழங்கால் வலி, அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலி, மற்றபடி இரண்டு பேரும் சுகம். நீயும் மருமகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நாலு வார்த்தை சொன்னால் ஆகாதா, இதற்குப் போய்க் கடிதமா என்று உங்கம்மா கேட்கிறாள். போனில் பேசினால் நீ "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாய். நான் "ம்" என்பேன். "அங்க மழையா?" என்பாய். "மழதான்" என்பேன். அதோடு சரி. பதினாலு வருஷமாக நாம் இரண்டு பேரும் மழையைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். யட்டியாந்தோட்டையில் பெய்கிற மழைக்கு அது ஒன்றும் குறைந்த பேச்சு இல்லை, ஆனாலும் எனக்கு அலுத்துவிட்டது.

உன் கடிதமும் அழைப்பிதழும் செவ்வாய்க்கிழமை கைக்குக் கிடைத்தன. கொடகவெலப் பக்கம் நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் மாணவத் தலைவர்களுக்குப் பொறுப்பான மாஸ்டர் இப்போது நீதான் என்பதைப் படித்ததும் சந்தோஷம். அடுத்த விஷயம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. இந்த வருஷத்துச் சிரேஷ்ட மாணவத் தலைவி தர்ஷினி என்ற தோட்டத்துப் பிள்ளை என்றும், சின்னம் சூட்டும் விழாவுக்கு அவளுடைய அப்பா வரமாட்டேன் என்கிறார் என்றும், தன் இடத்தில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். அதற்கு நீ கண்டுபிடித்த வழி, நான் வந்து அந்தப் பிள்ளைக்குச் சின்னம் குத்திவிட வேண்டும் என்பது. பிறகு கடைசியில் ஒரு வரி. "முன் வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன். இந்த முறை ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டாம்."

அப்படியென்றால் அன்றைக்கு நீ என்னைப் பார்த்திருக்கிறாய். இத்தனை வருஷமும் பார்த்தாயா இல்லையா என்று தெரியாமல்தான் நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கல்யாணப் பந்தலில்கூட அதைத்தான் யோசித்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை. நீ ஒரு வரியில் போட்டு உடைத்துவிட்டாய். இனி நான் மறைத்து என்ன ஆகப் போகிறது, என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். நியாயம் சொல்வதற்காக எழுதவில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி நியாயம் ஒன்றும் என்னிடம் இல்லை.

நீ உயர்தரம் இரண்டாம் வருஷம் படித்தபோது ஒரு நாள் காலை, நான் ரப்பர் பால் வாளியோடு நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கீழ் லயத்து வீட்டுப் பெருமாள் சத்தம் போட்டு, "என்னாங்கண்ணே, ஒங்க மகன் பள்ளிக்கூடத்துக்கே கங்காணி ஆயிட்டானாமே!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. மத்தியானம் நீ வந்து சொன்ன பிறகுதான் சிரேஷ்ட மாணவத் தலைவர் என்றால் என்ன என்று தெரிந்தது. உங்கம்மா சீனியை அள்ளி உன் வாயில் போட்டாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "கங்காணி வேல பாக்காத. பேரு எழுதிக் கொண்டுபோய்க் குடுக்கிற வேல நமக்கு வேணாம்" என்றேன். சந்தோஷமான நேரத்தில் இப்படி ஒரு வார்த்தை. அன்றைக்கு உன் முகம் சுருங்கியது. ஆனால் எனக்கு இருந்தது பயம்தான். மற்றவர்களுக்கு மேலே நிற்கிறவன் கடைசியில் மற்றவர்களுக்கு எதிராக நிற்பதைத்தான் நான் சின்ன வயதிலிருந்து தோட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கிழமை நீ அழைப்பிதழ் கொண்டுவந்தாய். அந்தப் பள்ளிக்கூடத்தில் அது பெரிய விழா. மாணவத் தலைவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிடுவார்கள், அவர்களுடைய அப்பாவோ அம்மாவோ ஏறிப் போய்ச் சட்டைப் பைக்கு மேலே சின்னத்தைக் குத்திவிட வேண்டும். கல்விக் கந்தோரிலிருந்து சிங்கள ஐயாமார் வருவார்கள், படம் பிடிப்பார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதற்கு முந்தின வருஷம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, ரப்பர் வெட்டு முடிந்து நேரே வந்ததால், என் மேல் ஒட்டுப்பால் நாற்றம் அடித்தது. நான் உட்கார்ந்த பெஞ்சில் இருந்த கடை முதலாளி ஒருவர் மெதுவாக எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனார். மூக்கைக்கூடப் பொத்தவில்லை, மரியாதையான மனுஷன், சும்மா எழுந்து போனார். நீ அதைப் பார்த்தாய். பார்க்காத மாதிரி கரும்பலகையைப் பார்த்தாய்.

அதனால் நான் என்ன செய்தேன்? நம் ஆட்கள் வழக்கமாக என்ன செய்வார்களோ அதையே செய்தேன். கணக்கப்பிள்ளை ஐயா வீட்டுக்குப் போனேன். நீ பிறந்ததைப் பதிய அவர்தான் வந்தார். உங்கம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது டாக்டரிடம் பேச அவர்தான் வந்தார். அடையாள அட்டைக்குக் கிராம சேவகரிடம் போனாலும் அவர், கல்யாணம் என்றால் முதல் தாம்பாளம் அவருக்கு. என்னுடைய பெயரையே அவருடைய அப்பாதான் பதிவுப் புத்தகத்தில் எழுதினார். எங்கேயாவது நாம் நிற்க வேண்டிய இடம் வந்தால் அங்கே அவரை நிறுத்திவிட்டு நாம் பின்னால் நிற்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அது தப்பு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை, மகன். அது உனக்கு நான் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். கோட்டுப் போட்டவர் வந்து சின்னம் குத்தினால் உனக்குத்தானே பெருமை என்று நினைத்தேன்.

உங்கம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் புள்ளைக்கு அப்பா நீங்களா, அந்த ஐயாவா?" என்றாள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு" என்றேன்.

"நீங்க போகலேன்னா நான் போறேன். எனக்கு ஒரு கையில்லையா?"

"ஐயாகிட்ட சொல்லியாச்சு. இப்ப நீ போயி நின்னா அவங்களுக்கு அவமானம்."

அவளையும் அப்படித் தடுத்தேன். இது வரைக்கும் நீ அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாய், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

விழா அன்று விடிகாலையிலேயே மழை. மரத்துப் பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, உனக்குத் தெரியும். வேலை இருக்கிறது என்று நான் சொல்லி வைத்திருந்த சாக்கும் அந்த மழையில் போய்விட்டது. நீ குடையும் இல்லாமல் வெள்ளைச் சட்டையை ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாய். வாசலில் நின்று, "வெட்டு இல்லத்தானேப்பா?" என்றாய். அது கேள்வி இல்லை, கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். "மழ விட்டா பிரட்டுல பேர் கூப்புட்டு வேலைக்கு அனுப்புவாங்க" என்றேன். நீ போய் ஒரு மணித்தியாலத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளித்தேன், சவுக்காரம் போட்டு இரண்டு தரம் குளித்தேன். என் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். உங்கம்மா குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பள்ளிக்கூட வாசல் வரைக்கும் உள்ளே போகிற எண்ணத்தோடுதான் வந்தேன், இதை நீ நம்ப வேண்டும். மண்டபத்து வாசலில் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு இரண்டு பெண் பிள்ளைகள் நின்றார்கள். ஒருத்தி "வாங்க" என்று கையைக் கூப்பினாள். என் பின்னால் யாராவது பெரியவர் வருகிறாரோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அந்தப் பிள்ளை என்னைத்தான் கூப்பிட்டது. உள்ளே பார்த்தால் முன் வரிசையில் கணக்கப்பிள்ளை ஐயா கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கிறார். இப்போது நான் போனால் அவர் என்ன செய்வார், யார் எழும்புவது, யார் உட்காருவது? "இல்லம்மா, சும்மா வந்தேன்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு மண்டபத்தைச் சுற்றிப் போய், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

ஒலிபெருக்கியில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு, "சிரேஷ்ட மாணவத் தலைவரின் தந்தையாரை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார்கள். தந்தையார் என்றுதான் சொன்னார்கள். ஐயா எழுந்து போனார். நீ மேடையில் நின்றுகொண்டு அவரைப் பார்க்கவில்லை, சபையைப் பார்த்தாய். முன் வரிசை, நடு வரிசை, பின்னால் நிற்கிறவர்கள், வாசல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து இந்த ஜன்னலுக்கு வந்தாய். நான் குனிந்துவிட்டேன், மோகன். செருப்பு வாரைச் சரி செய்கிறவன் மாதிரி குனிந்துவிட்டேன். நான் நிமிர்ந்தபோது கை தட்டிக்கொண்டிருந்தார்கள், உன் சட்டையில் சின்னம் இருந்தது. என் பிள்ளைக்கு அதைக் குத்துகிறதைக் கண்ணாலும் நான் பார்க்கவில்லை.

உனக்கு முன்னால் ஓடி வந்து வீட்டில் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். நீ வந்ததும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "எப்பிடி நடந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லா நடந்துச்சு. ஐயா வந்தாங்க" என்றாய். "அதுதானே பெரும" என்றேன். நீ என் காலைப் பார்த்தாய். பள்ளிக்கூட மைதானத்துச் சிவப்பு மண் நகக் கண்ணில் அப்படியே இருந்தது. சட்டையை மாற்றத் தெரிந்தவனுக்குக் காலைக் கழுவத் தெரியவில்லை பார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை நீ என்னைப் பார்க்கும்போதும், அந்த மண்ணை வைத்து நீயே கணித்துக்கொண்டாயா, அல்லது ஜன்னலிலேயே பார்த்துவிட்டாயா என்று யோசிப்பேன்.

அதற்குப் பிறகு நீ என்னைத் தண்டித்தாய். அதை நீ ஒப்புக்கொள்ள மாட்டாய், ஆனால் தண்டித்தாய், அது எனக்கு வேண்டியதுதான். பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அழைப்பிதழ் அடித்திருந்தார்கள், எனக்கு எங்கே என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். "வீட்டுக்கு ஒண்ணுதாம்பா குடுத்தாங்க. ஐயா வீட்டுல குடுத்துட்டேன். நம்ம சார்பா அவங்கதானே வழக்கமா வாறது" என்றாய். குரலைக்கூட உயர்த்தவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தலைவர் பதவி தலைக்கேறிடுச்சு ஒனக்கு" என்று கத்தினேன். கத்துவதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது? அன்றைக்கே உன் தோளைப் பிடித்து உட்கார வைத்து, நான் வந்தேன், வெளியே நின்றேன், பயந்துவிட்டேன் என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்குத் தேவையே வந்திருக்காது. கலைவிழா அழைப்பிதழும் ஐயா வீட்டுக்குத்தான் போனது, பரிசளிப்பு விழாவுக்கும் அப்படியே. அவர் வீட்டுக்காரம்மா வழியில் பார்த்து, "ஒங்க மகன் வில்லுப்பாட்டுல கலக்கிட்டான்" என்று சொல்லித்தான் நீ வில்லுப்பாட்டுப் பாடியதே எனக்குத் தெரியும். நீ பாடி நான் கேட்டதே இல்லை, இன்று வரைக்கும்.

விளையாட்டுப் போட்டி அன்று நான் டவுனுக்கு வந்திருந்தேன். அழைப்பில்லாமல் உள்ளே வரவும் மனமில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கீழே கடைவீதியில் அந்தச் சிங்கள முதலாளியின் தேத்தண்ணிக் கடை இருக்கிறதல்லவா, அங்கே உட்கார்ந்தேன். மேலே ஒலிபெருக்கியில் உன் குரல் கேட்டது. எந்த இல்லம் முன்னுக்கு, யார் எந்த ஓட்டத்துக்கு வர வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் மூன்று தேத்தண்ணி குடித்தேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மே கத்தா கரன்னே ஒயாகே புத்தாத?" என்று கேட்டார். பேசுகிறது உன் மகனா என்று. "ஒவ், மகே புத்தா" என்றேன். என் மகன்தான் என்று வாய் நிறையச் சொன்னேன். உன் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு கடையில் உட்கார்ந்து சிங்களத்தில் சொன்னேன்.

அந்த வருஷத்தில் நீ செய்த ஒரு காரியம் எனக்கு ஊரார் சொல்லித்தான் தெரிய வந்தது. தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளைகள் மழை நாளில் ஓடை பெருகினால் சுற்றி வர வேண்டும், மணி அடித்த பிறகுதான் வந்து சேருவார்கள். பிந்தி வருகிறவர்களின் பெயரை வாசலில் மாணவத் தலைவர்கள் எழுதுவார்கள், பெயர் எழுதப்பட்டவர்கள் மைதானத்தில் புல் பிடுங்க வேண்டும். மேல் டிவிசன் செல்வி, எட்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா, பால் நிறுக்கிற இடத்தில் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, ஒங்க மகன் மழ நாளெல்லாம் விடிய முந்தியே ஓடைகிட்ட வந்து நிக்கிறான். சின்னதுகள ஒண்ணொண்ணா கையப் புடிச்சுக் கடத்திவிட்டு, கடைசியா அதுகளோடயே பிந்திப் போறான். கேட்டுல நிக்கிற புள்ளகிட்ட, முதல்ல என் பேர எழுதுன்னு சொல்றானாம். தலைவன் பேர எழுதிட்டு அவன எப்பிடிப் புல்லுப் புடுங்க வைக்கிறது? அவன் புடுங்குனானாம்ண்ணே, எல்லாப் புள்ளைகளோடயும் குந்திப் புடுங்குனானாம்." பிறகு அதிபரே மழை நாளில் அந்தப் பிள்ளைகளின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நீ ஓடைக்குப் போகத்தான் அவ்வளவு நேரத்தோடு கிளம்புகிறாய் என்று தெரியாமல், பரீட்சை வருகிற வருஷத்தில் ஊர் சுற்றப் போகிறாய் என்று நான் உன்னைத் திட்டியிருக்கிறேன்.

கங்காணி வேலை பார்க்காதே என்று நான் சொன்ன கசப்பான வார்த்தையை நீ எங்கேயோ எடுத்து வைத்திருந்து இப்படி நடந்திருக்கிறாய் என்று எனக்குத் தோன்றியது. நான் அப்படி நினைத்துக்கொள்வது சரியா, தெரியாது. தகப்பனுக்கு ஆசை இருக்கும்தானே. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பீலித் தண்ணீரில் உன் பள்ளிக்கூட உடுப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றே இறங்கி வந்தேன். நல்ல காரியம் பண்ணினாய் மகன், உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, இவ்வளவுதான் வசனம். லயத்திலிருந்து பீலி வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிட்ட வந்ததும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "சவுக்காரத்த இப்பிடிக் கரைக்காத." நீ நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றாய். நான் திரும்பி ஏறிப் போனேன். இப்போது உங்கம்மாவிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன், ஆனால் தனியாக இருக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிரியாவிடை அன்று நீ கழுத்தில் மாலையோடு வந்து, சின்னத்தைக் கழற்றி உன் தகரப் பெட்டியில் போட்டாய். பரீட்சை எழுதினாய், கல்வியியற் கல்லூரிக்குப் போனாய், வேலை கிடைத்தது, கொடகவெலயோடு தங்கிவிட்டாய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறாய், மழையைப் பற்றிப் பேசுகிறோம், போய்விடுகிறாய். நீ போன பிறகு நீ சாப்பிட்ட கோப்பை கழுவாமல் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று உங்கம்மாவிடம் சொல்வேன், அவளுக்கு விளங்கும். ஐயா பென்சன் வாங்கிக்கொண்டு தோட்டத்தை விட்டுப் போகும்போது என்னிடம் ஒன்று சொன்னார். "அன்னைக்கு ஒன் மகன் என் கண்ணப் பாக்கவேயில்லப்பா. சின்னத்தக் குத்தும்போது எனக்கே கை கூசிச்சு. நீ கூப்புட்டப்ப முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார். அவரைக் குறை சொல்லாதே. தப்பு கேட்டவனுடையது.

இப்போது உன் வேண்டுகோளுக்கு வருகிறேன். தர்ஷினிக்குச் சின்னம் குத்த நான் வரமாட்டேன். நீ எவ்வளவு கேட்டாலும் மாட்டேன். கணக்கப்பிள்ளையை நிறுத்துவதற்குப் பதிலாக என்னை நிறுத்தினால் மட்டும் என்ன மாறும்? வாத்தியாருடைய அப்பா, வெள்ளைச் சட்டை, வெளியூர்க்காரர். அந்தப் பிள்ளை மேடையில் நின்று என்னைப் பார்க்காது, சபையைத்தான் தேடும். வாசலைப் பார்க்கும், ஜன்னல்களைப் பார்க்கும். வரமாட்டேன் என்ற அந்த மனுஷன் எங்கேயாவது ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பான், எனக்கு அது நிச்சயம். அவன் சொன்ன காரணம் என்று நீ எழுதியிருந்ததை எல்லாம் நானும் சொல்லியிருக்கிறேன். வேலை இருக்கிறது, பேசத் தெரியாது, பெரியவர்கள் வருகிற இடம். ஒன்றை மட்டும் அவன் சொல்லியிருக்க மாட்டான், நானும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சின்னத்தை எப்படிக் குத்துவது என்று எனக்குத் தெரியாது. ஊசி எந்தப் பக்கம் திறக்கும், எங்கே மாட்டும் என்று தெரியாது. முப்பது வருஷம் வெட்டுக்கத்தி பிடித்த விரல் இது, நடுச் சபையில் உன் நெஞ்சில் ஊசியைக் குத்திவிடுவேனோ என்று பயந்தேன். ஒருவராவது முதல் நாள் கூப்பிட்டு, இப்படித்தான் அண்ணே என்று காட்டித் தந்திருந்தால் நான் வந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அதனால் விழா வெள்ளிக்கிழமை என்றால் நான் புதன்கிழமையே வருகிறேன். அவிசாவளை போய், இரத்தினபுரி போய், அங்கிருந்து எம்பிலிப்பிட்டிய பஸ்ஸில் ஏறினால் பின்னேரத்துக்குள் வந்துவிடலாம். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கிப் பார்ப்பார்கள், அடையாள அட்டையை மறக்க மாட்டேன். வியாழக்கிழமை நீ என்னை அந்தப் பிள்ளையின் லயத்துக்குக் கூட்டிப் போ. நீ வாசலில் நில், உள்ளே வராதே, வாத்தியாரைக் கண்டால் அவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பிறகு வரமாட்டான். நானும் அவனும் பேசிக்கொள்கிறோம். ஜன்னல் கதையை அவனிடம் சொல்வேன். உன்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவனிடம் சொல்வது எனக்கு லேசு. ஒரு சின்னத்தைக் கொண்டுவா, ஊசியைத் திறந்து மூடி அவனுக்குக் காட்ட வேண்டும். சட்டை இல்லை என்றால் என்னுடைய வெள்ளைச் சட்டை ஒன்று பையில் இருக்கும். அப்படியும் வராவிட்டால் விழா அன்று காலையில் போய் அவனைக் கையோடு கூட்டி வருவேன். எனக்கு நாற்காலி முன் வரிசையில் வேண்டாம், கடைசி வரிசையில் அவன் பக்கத்தில் போடு. அவன் எழும்பத் தயங்கினால் முதுகில் கை வைக்க ஒருவர் வேண்டும்.

இன்னொரு விஷயம். உன் சின்னம் உன் தகரப் பெட்டியில் இல்லை. நீ கல்லூரிக்குப் போன மறுநாளே நான் எடுத்துவிட்டேன், என் வெட்டுக்கத்தி வைத்திருந்த பெட்டியில்தான் இவ்வளவு காலமும் இருந்தது. ஊசி துருப்பிடித்திருந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறேன், இப்போது நன்றாகத் திறக்கிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து உங்கம்மாவை நிற்க வைத்து அவள் சட்டையில் குத்திப் பழகுகிறேன். முதல் நாள் இரண்டு தரம் கையில் குத்திக்கொண்டேன், மூன்றாம் நாளிலிருந்து சரியாக வருகிறது. "முழங்கால் வலிக்குது, சீக்கிரம் குத்துங்க, நான் என்ன அலுமாரியா?" என்று கத்துகிறாள். அவளும் என்னோடு வருகிறாளாம், இந்த முறை அவளைத் தடுக்க எனக்குத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை விழா முடிந்து பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, நாற்காலிகளை அடுக்குவதற்கு முன்னால், நீ அந்த மேடையில் ஒரு நிமிஷம் நில். ஒலிபெருக்கி வேண்டாம், கூப்பிட வேண்டாம், நானே ஏறி வருகிறேன். அன்றைக்குப் பை வைத்த சட்டை போட்டுக்கொண்டு வா.

உன் அப்பா